மாடிக் கதவும் பட்டன் அக்காவும்

பட்டன் அக்காவுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது ஒரு சட்டை. இருபது வருடம் இருக்கும். நீதிமன்றக் காட்சி ஒன்று. நூற்றைம்பது துணை நடிகர்கள் காலையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார்கள். கதாநாயகன் ஒன்றரைப் பக்க வசனத்தைப் பதினான்காவது முறையில் ஒருவழியாகத் தப்பில்லாமல் சொல்லி முடித்தான். எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விடும்போது, ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த இந்த அம்மாள் மெதுவாகக் கையைத் தூக்கினாள். "சார், முந்தின ஷாட்ல மேலேருந்து மூணாவது பட்டன் திறந்திருந்துச்சு. இப்ப மூடியிருக்கு." அந்த நிமிடம் அங்கிருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வைக்கு வேறு யாராக இருந்தாலும் தொழிலை விட்டே ஓடியிருப்பார்கள். அவள் நோட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். காட்சியை மறுபடி எடுத்தார்கள்.

அவள் வேலையே அதுதான். கன்டினியூட்டி என்பார்கள். சினிமாவை யாரும் வரிசையாக எடுப்பதில்லை. ஒருவன் வாசல்படி ஏறுவதை இந்த மாதம் எடுப்பார்கள். அடுத்த நொடி அவன் வீட்டுக்குள் நுழைவதை மூன்று மாதம் கழித்து வேறொரு இடத்தில் எடுப்பார்கள். அதற்குள் அவன் முடி வெட்டியிருப்பான், காய்ச்சலில் இளைத்திருப்பான், கைக்கடிகாரத்தை வலது கையில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். இரண்டையும் ஒட்டும்போது ஒரே ஆள், ஒரே நேரம் என்று பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும். டம்ளரில் தண்ணீர் எதுவரை இருந்தது, எந்தக் கை கதவைத் தொட்டது, கண்ணீர் எந்தக் கன்னத்தில் முதலில் வழிந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு, பொருந்தாததைச் சொல்வதற்கென்று ஓர் ஆள். சரியாக இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். யாருக்கும் தெரியவே தெரியாது. தப்பினால் மட்டும் எல்லோரும் அவளைத் தேடுவார்கள். இப்படியொரு வேலையை முப்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தால், மனுஷிக்கு எரிச்சல் வராமல் வேறென்ன வரும், சொல்லுங்கள்.

வீட்டிலும் அதே கண்தான். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுவதும் அடுத்தவர் தப்பைப் பொறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நடந்ததை ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தால், நேற்றுச் சொன்னபோது இடிபட்டது பச்சைக் கார், இன்றைக்கு எப்படி நீலமாயிற்று என்று மடக்குவாள். பாவம், அவர் கதை சொல்வதையே நிறுத்திவிட்டு மீன் தொட்டி வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆனால் அவள் பிராணனை உண்மையிலேயே வாங்குகிறவன் ஒருவன்தான். அவளுடைய தம்பி. பன்னிரண்டு வயது சின்னவன். அம்மா சலவை நிலையத்தில் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்த்ததால், அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தது இவள்தான். அவன் எதையும் கவனிக்க மாட்டான். அவனை மட்டும் எல்லோரும் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்டவன் நடிகனாகாமல் வேறென்ன ஆவான்?

எட்டு வருடத்துக்கு முன்னால் 'மாடிக் கதவு' என்று ஒரு பேய்ப்படம். இவள்தான் அதில் கன்டினியூட்டி. கதாநாயகனாக நடிக்க வேண்டியவன் கால் உடைந்து படுத்துவிட்டான். அன்றைக்கு அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தம்பியை டைரக்டர் மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியின் காதுக் கம்பியைக் கடித்துக்கொண்டே யோசிக்கிற மனிதர் அவர்; அதிகம் பேச மாட்டார். "இவன் நடிப்பானா?" என்று இவளைக் கேட்டார். "வீட்ல இருபத்தொன்பது வருஷமா அதைத்தான் சார் பண்றான்" என்றாள் இவள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதன் கடைசிக் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். பூட்டிக் கிடக்கும் மாடி அறை. தம்பி பன்னிரண்டு படி ஏறுகிறான், இடது கையால் கைப்பிடியைத் திருகுகிறான், கதவு திறக்கிறது, பின்னால் ஏதோ அசைகிற மாதிரி இருக்க, வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறான். அவ்வளவுதான், படம் முடிந்தது. அவன் எதைப் பார்த்தான் என்று சொல்லவே இல்லை. அந்த ஒரு திரும்பலுக்கு இருபத்து மூன்று முறை எடுத்தார்கள். பயப்படுடா என்றால் கண்ணை உருட்டினான், வாயைப் பிளந்தான், பல்வலிக்காரன் மாதிரி முகத்தைச் சுளித்தான். பொழுது சாய்ந்துவிட்டதே என்றுதான் கடைசியில் ஒன்றை ஓகே செய்தார்கள். பார்த்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. டைரக்டருக்குப் போதவில்லை என்பது இவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு தம்பி போன வழியைத் தனியாக எழுத வேண்டியதில்லை. எல்லாம் அவன் உடம்பிலேயே இருக்கிறது. முன்வரிசையில் ஒரு தெத்துப்பல் இருந்தது. சிரித்தால் அழகாக இருக்கும். பற்பசை விளம்பரம் கிடைத்தது என்று கம்பி போட்டு நேராக்கிக்கொண்டான். விளம்பரம் மூன்று மாதம் வந்தது, பல் நிரந்தரமாகப் போய்விட்டது. அடுத்து போலீஸ்காரன் வேடம். உடற்பயிற்சிக் கூடமே கதியென்று கிடந்து மார்பை ஏற்றினான். படம் ஒரு வாரம். ஏற்றிய மார்பு மெதுவாக இறங்கி வயிற்றில் தங்கிவிட்டது. அடுத்த படத்தில் டூப் வேண்டாம், நானே குதிக்கிறேன் என்று சுவரிலிருந்து குதித்து மூக்கை உடைத்துக்கொண்டான். படம் நீளம் என்று அந்தச் சண்டையையே வெட்டித் தூர எறிந்தார்கள். இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று எவனோ ஒரு கேமராக்காரன் சொன்னதைக் கேட்டு, அதையும் எடுத்துவிட்டு வந்து நின்றான். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டானா? கேட்க மாட்டான்.

நான்காவது படத்துக் கதாநாயகியின் பெயரை மணிக்கட்டில் பச்சை குத்திக்கொண்டான். அந்தப் பெண் பல் டாக்டர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். பெயரை மறைக்க மேலே ஒரு பறவையை வரையச் சொன்னான். இப்போது பார்த்தால் அது அறுந்துபோன செருப்பு மாதிரி இருக்கிறது. ஐந்தாவது படம் பாதியில் நின்றது. தொலைக்காட்சியில் ஒரு விளையாட்டு நிகழ்ச்சி நடத்தி, கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போனது. முன்னந்தலை முடி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. கடைசியாகக் கிடைத்தது வில்லனின் தம்பி வேடம், இடைவேளைக்கு முன்னாலேயே சாவு. இதற்கு நடுவில் மரச்சாமான் கடை, கதவுக் கடை, ஜன்னல் கடை என்று எத்தனை திறப்பு விழா! தெருவில் போனால் அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "கதவு, கதவு" என்பார்கள். அவனும் திரும்பிப் பார்த்துக் கையசைப்பான். அதைப் பார்க்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இந்த நிலைமையில்தான் இரண்டாம் பாகம் என்றார்கள். தம்பிக்குத் தரையில் கால் பாவவில்லை. டைரக்டரும் பழைய டைரக்டர், கன்டினியூட்டியும் பழைய ஆள். எல்லாம் சரி, கதையைக் கேட்டதும் அவளுக்குத் தலை சுற்றியது. முதல் பாகம் எந்த நொடியில் முடிந்ததோ அதே நொடியில் இரண்டாம் பாகம் தொடங்குகிறதாம். திரும்பிப் பார்த்தவன் திரும்பிய நிலையிலேயே இருக்க வேண்டும். 'அதே நொடி' என்று பெரிய எழுத்தில் விளம்பரம்கூட அடித்து ஒட்டிவிட்டார்கள். கதாநாயகனை ஒரு தடவை வரவழைத்துப் பார்த்துவிட்டு ஒட்டக்கூடாதா? எட்டு வருடம் கழித்து என்று ஒரு வரி போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்று அவள் அன்றைக்கே சொன்னாள். அதைத்தான் எல்லோரும் செய்கிறார்களே என்று டைரக்டர் கண்ணாடிக் கம்பியைக் கடிக்கப் போய்விட்டார்.

தம்பியை நேரில் பார்த்த அன்றைக்கே தயாரிப்பாளரின் முகம் மாறிவிட்டது. மறுவாரம் வேறொரு ஏற்பாட்டோடு வந்தார். முதல் பாகத்திலிருந்து தம்பியின் பழைய முகத்தைக் கணினியில் எடுத்து, ஒல்லியான வேறு ஒரு பையனின் உடம்பில் ஒட்டிவிடலாம். தம்பி, முகத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். டைட்டிலில் பெயர் வரும். படப்பிடிப்புக்கு வர வேண்டியதே இல்லை. டைரக்டர் தயங்கினார். கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். படியையும் கதவையும் மறுபடி கட்டி, மேக்கப் போட்டுத் தம்பியை ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது. எத்தனை இடம் பொருந்தவில்லை என்று பட்டன் அக்கா எழுதித் தர வேண்டும். பத்துக்குள் இருந்தால் தம்பி நடிப்பான். மேலே போனால் கணினி.

எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம்! கூடப் பிறந்தவனின் பிழைப்பைக் கூடப் பிறந்தவள் கையிலேயே கொடுத்து எண்ணச் சொல்கிறார்கள். வேறு ஆளைப் போடுங்கள் என்றாள். தயாரிப்பாளர் முடியாது என்று தலையாட்டிவிட்டார். நீங்கள் எழுதினால்தான் இரண்டு பக்கமும் நம்பும் என்றார். அது பாராட்டா, தண்டனையா என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஊரெல்லாம் ஜம்பம் அடிக்கிற தம்பி, அன்று சாயங்காலம் அவள் சமையலறை வாசலில் வந்து நின்றான். கணவர் மீன்களுக்குத் தீனி போடுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார். தம்பி கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து மூடினான். "என் மூஞ்சி மட்டும் போய் நடிச்சிட்டு வந்தா, நான் வீட்ல உக்காந்து என்னக்கா பண்றது?" என்றான். குழாயைச் சரியாக மூடு, சொட்டுகிறது என்றாள் அவள். வேறு எதைச் சொல்வது?

சோதனை நாள் வந்தது. காலையில் முதலில், பழைய முகத்தைச் செய்ய தயாரிப்பாளர் அமர்த்தியிருந்த கணினிக்காரம்மா தன் வேலையைக் காட்டினார். இருட்டறையில் திரை ஒளிர்ந்தது. அதில் இருபத்தொன்பது வயதுத் தம்பி. அதே தெத்துப்பல், அதே முடி, மூக்கு நேர். தயாரிப்பாளர் தொடையைத் தட்டிக்கொண்டார். அவள் ஒரு கணம் தன்னை மறந்து பார்த்தாள். மறுகணம் கண் தன் வேலையைப் பார்த்தது. மச்சம் வலது கண்ணுக்குக் கீழே இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முதல் பாகத்தின் கடைசி ஷாட்டை எடிட்டர் இடம் வலமாகப் புரட்டிப் போட்டிருந்தார். பார்வை போகிற திசை சரியாக அமையவில்லை என்பதற்காக. அப்போதே அவள் சண்டை போட்டாள், நாலு நொடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று வாயை அடைத்துவிட்டார்கள். இந்த அம்மாள் அந்த நாலு நொடியை வைத்து முகத்தைச் செய்திருக்கிறார். ஆக, இது தம்பியின் முகமே இல்லை, கண்ணாடியில் தெரிகிற முகம். பல், வகிடு, மச்சம் எல்லாம் இடம் மாறியவை. முதல் பாகம் முழுக்க ஒரு பக்கம், இரண்டாம் பாகம் முழுக்க மறுபக்கம்! அவள் எழுந்து நின்று, பழைய நோட்டைப் பிரித்து, பக்கம் பக்கமாகக் காட்டிப் பொரிந்து தள்ளினாள். எட்டு வருடமாக யாருக்கும் தெரியாத தப்பு. தயாரிப்பாளர் முகம் விழுந்தது. கணினிக்காரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்லவேளை சொன்னீங்க என்றார். பிறகு ஒரு விசையைத் தட்டினார். முகம் புரண்டது. மச்சம் இடது கண்ணுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது.

ஒரே ஒரு விசை. முப்பது வருட அனுபவம், மூன்று பெட்டி நோட்டு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தட்டு போதுமாக இருந்தது. இப்போது அந்த முகத்தில் எத்தனை குறை என்று தயாரிப்பாளர் கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்று சொல்ல வேண்டியதாயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒரு குறையாவது மிஞ்சியிருக்கும். தன் வாயைத் தானே நொந்துகொண்டு வெளியே வந்தாள்.

மேக்கப் அறையில் மேக்கப்காரர் தம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் நாடா ஒட்டிக் கன்னத்தை இழுத்திருந்தார். விக், பொய்ப்பல், வரைந்த மச்சம், மணிக்கட்டுப் பறவைமேல் மாவு. தம்பி மூச்சை இழுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பழைய புகைப்படங்களைக் கண்ணாடி ஓரத்தில் வரிசையாகச் செருகி, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். மேக்கப்காரர், இந்தப் பெண்மணி இருக்கிற அறையில் என்னால் நிற்க முடியாது என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

கழுத்துச் சுற்றளவு. மூக்கின் சாய்வு. கண்ணுக்குக் கீழே பை. கைவிரல் தடிமன். படி ஏறும்போது இடது முழங்கால் மடிவதில்லை. நிற்கும்போது தோள் முன்னால் விழுகிறது. குரல். ஒவ்வொன்றுக்கும் தம்பியிடம் ஒரு சமாதானம் இருந்தது. பழைய புகைப்படம்தான் சரியில்லை, அன்றைக்கு வெளிச்சம் அப்படி, சட்டை தையல் அப்படி. டேய், உன் முழங்காலை நானா தைத்தேன் என்று அவள் கேட்டாள். பதினேழில் வந்து நின்றது.

தம்பி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

"ஒன்பதுன்னு எழுதுக்கா."

அவள் பேனாவை மூடினாள்.

"ஒரே ஒரு தடவை. நீ எழுதினா யாரும் திருப்பிப் பார்க்க மாட்டாங்க."

"அதனாலதான்டா எழுத முடியாது."

"நான் உன் தம்பிக்கா."

"தம்பிங்கறதாலதான் பதினேழோட நிறுத்தியிருக்கேன்னு நாளைக்குச் சொல்லுவானுங்க. பதினேழுன்னா பதினேழுதான்."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ராட்சசி, ராட்சசி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு நடந்தாள். பொய் எழுதினால் என்ன, உலகம் அழிந்துவிடுமா? ஆனால் எழுதி, படம் வெளிவந்து, திரையரங்கில் எவனாவது ஒருவன் கைகொட்டிச் சிரித்தால்? அந்தச் சிரிப்பு தம்பியின் முகத்தைப் பார்த்துத்தானே வரும்? அதற்கு அவன் வீட்டிலேயே இருக்கலாம். இப்படி இரண்டு பக்கமும் வாதாடி, இரண்டு பக்கமும் தோற்று, கேமராவுக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

படியும் கதவும் அச்சு அசலாக நின்றன. விளக்கு போட்டார்கள். தம்பி ஏறினான். முழங்கால் மடியவில்லை, அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள். இடது கை கைப்பிடிக்குப் போனது. கதவு திறந்தது. வலது தோளுக்கு மேலாகத் திரும்பினான்.

திரும்பியவன் கண் கேமராவுக்குச் சற்றுக் கீழே, அவள் மடியில் இருந்த நோட்டில் விழுந்தது. அங்கேயே நின்றது. கண்ணை உருட்டவில்லை, வாயைப் பிளக்கவில்லை. உதட்டை ஒருமுறை உள்ளே இழுத்து ஈரப்படுத்திக்கொண்டான். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி முகத்தைச் சமனாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். அது முடியாமல் கன்னத்தில் எங்கோ ஒரு தசை மட்டும் துடித்தது. ஏழு வயதில் கடைத்தெருவில் தொலைந்துபோய், இவள் தேடிக் கண்டுபிடித்தபோது அழக்கூடத் தெரியாமல் நின்றானே, அந்த முகம். அவளுக்கு முதுகில் குளிர்ந்தது. பேய்ப்படத்தில் முப்பது வருடத்தில் ஒருமுறைகூடப் பயந்தவள் இல்லை அவள்.

யாரும் 'கட்' சொல்லவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் டைரக்டர் சொன்னார்.

அவள் நோட்டைப் பார்த்தாள். பதினேழுக்குக் கீழே இடம் இருந்தது. பார்த்ததை எழுதாமல் இருக்க அந்தக் கைக்குத் தெரியாது. பதினெட்டு என்று போட்டு எழுதினாள். தாளைக் கிழித்து டைரக்டரிடம் நீட்டினாள். தயாரிப்பாளரும் வந்து நின்றுகொண்டார். டைரக்டர் மெதுவாக, ஒன்றிலிருந்து படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார்.

"பதினெட்டு. பார்வை பொருந்தவில்லை. முதல் பாகத்தில் பயந்ததுபோல் நடித்தார். இப்போது பயப்படுகிறார்."

பதினெட்டா, சரி, முடிந்தது கதை என்று தயாரிப்பாளர் கைபேசியை எடுத்தார். டைரக்டர் நகரவில்லை. இந்தப் பார்வையை எப்படியாவது அந்தப் பழைய ஷாட்டோடு ஒட்ட முடியாதா என்று அவளைக் கேட்டார். அவ்வளவுதான், காலையிலிருந்து, ஏன், எட்டு வருடமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒட்டாது சார். எப்படி ஒட்டும்? அதே நொடி, அதே நொடின்னு போஸ்டர் அடிச்சா ஆச்சா? அவனுக்கு அதே நொடிதான் சார். எட்டு வருஷமா அவன் அந்தக் கதவுகிட்டயேதான் நிக்கிறான். ஒரு அடி நகரலை. உடம்பு மட்டும் அது பாட்டுக்கு வயசாயிட்டுப் போகுது. திரும்பிப் பார்க்கறதுக்குள்ள முடி போச்சு, பல்லு போச்சு, முட்டி போச்சு. எங்கே போச்சுன்னு அவனுக்கே தெரியலை. இதை நாடா போட்டு இழுத்து ஒட்டுன்னா நான் எங்கே போறது?"

சொல்லி முடித்த பிறகுதான் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. வீட்டு விஷயத்தைச் சந்தியில் கொண்டுவந்து கொட்டியாயிற்று. நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பப் போனாள்.

டைரக்டர் கண்ணாடிக் கம்பியை வாயிலிருந்து எடுத்தார். அவள் சொன்னதையே அவர் திருப்பிச் சொன்னார், நிதானமாக, தயாரிப்பாளரைப் பார்த்து. ஒருவன் கதவைத் திறக்கிறான். திரும்பிப் பார்க்கிறான். அவனுக்கு ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடிக்குள் அவன் உடம்பிலிருந்து எட்டு வருடத்தை எதுவோ எடுத்துக்கொண்டது. கீழே இறங்கி வருகிறான், கண்ணாடியைப் பார்க்கிறான். வீட்டில் யாரும் அவனை அடையாளம் காணவில்லை. பச்சை குத்தியது எப்போது? மூக்கை உடைத்தது யார்? அவனுக்குத் தெரியாது. அவர் கையிலிருந்த தாளை ஆட்டினார். இந்தப் பதினெட்டும்தான் இரண்டாம் பாகம் என்றார்.

பயம் வருமா என்று தயாரிப்பாளர் இழுத்தார். டைரக்டர் எடுத்ததை அவருக்கு மறுபடி போட்டுக் காட்டினார். அந்த மனிதர் பார்த்துக்கொண்டே இருந்தவர், யாராவது பெரிய விளக்கைப் போடுங்களேன் என்றார். போட்டார்கள். கைபேசி சட்டைப்பைக்குள் போனது. கணினிக்காரம்மா தன் பெட்டியை மூடினார்; போகிறபோது பட்டன் அக்காவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

தம்பி படியின் அடியில் உட்கார்ந்திருந்தான். 'கட்' சொன்னதும் வெளியே போனவன் அப்போதுதான் திரும்பியிருந்ததால், விவரம் எதுவும் அவன் காதுக்குப் போகவில்லை. நாடா ஒருபக்கம் பிய்ந்து, ஒரு கன்னம் இருபத்தொன்பதும் மறுகன்னம் முப்பத்தேழுமாக இருந்தது. அவள் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தான்.

"எத்தனை?"

"பதினெட்டு."

அவன் தலையாட்டினான். எழுந்திருக்கப் பார்த்தான், முழங்கால் பிடித்துக்கொண்டது. அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். நாளைக்குக் காலை ஏழு மணிக்கு நீ இங்கே இருக்க வேண்டும், நீதான் நடிக்கிறாய் என்றாள். எப்படி, என்ன, எதற்கு என்று எல்லாவற்றையும் சொன்னாள். நாடா கிடையாது, மச்சம் கிடையாது, விக் கிடையாது என்றும் சொன்னாள்.

சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தவளுக்கு நன்றாக வேண்டும். "விக் இல்லாமயா?" என்றான். முன்னந்தலை அவ்வளவு பெரிய திரையில் எப்படித் தெரியும் தெரியுமா, திறப்பு விழாவுக்கு இனி எவன் கூப்பிடுவான், ஓரமாகக் கொஞ்சம் மட்டும் வைத்துக்கொள்ளலாமா, டைரக்டரிடம் நீயே ஒரு வார்த்தை சொல்லேன் என்று மூக்கால் அழ ஆரம்பித்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இப்படியும் ஒரு ஜென்மம் உண்டா? மூஞ்சி மட்டும் போய் நடிக்கக்கூடாது என்று வந்து நின்றவன், முழு ஆளாகப் போகச் சொன்னால் தலையை மட்டும் விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறான். போய்த் தொலை, கணினிக்காரம்மா இன்னும் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார், கூப்பிடட்டுமா என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் வாயை மூடினான்.

படிக்கட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் முக்காலியை மடக்கவில்லை.

"அக்கா," என்றான், குரல் இறங்கி. "அவங்க நினைக்கிற மாதிரி நான் ஒண்ணும் நடிக்கலை. நீ எழுதிடுவியேன்னுதான் பயந்துட்டு நின்னேன்."

"தெரியும்டா," என்றாள். "அதைத்தான் எழுதினேன்."